தமிழ் வீடு மாறிய கதை: பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு



இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள். அச்செய்தி கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டுச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எவ்விதச் சிதைவுமின்றிப் படிக்கப்படுகிறது. இது இயல்பாகவே நிகழ்ந்துவிட்ட ஒன்று என இளைய ஆசிரியர்கள் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தமிழ்க் கணிமை உலகம் ‘மாறலாமா, வேண்டாமா’ என்று கடுமையாக வாதிட்ட பிறகே இந்நிலை வந்தது. அந்த வாதத்தில் இரு தரப்பாரும் தமிழ்ப்பற்று உடையவர்கள். இரு தரப்பாரிடமும் நியாயம் இருந்தது.

அந்த மாற்றத்தின் வரலாற்றை நான் அறிந்த அளவில் இங்கே தொகுத்து எழுதுகிறேன். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நம் பள்ளிகளின் அலமாரிகளில் இன்னும் பழைய குறுந்தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள பயிற்சித்தாள்களும் ஆண்டு மலர்களும் மாணவர் கட்டுரைகளும் மாற்றத்திற்கு முந்தைய காலத்தவை. அவை ஏன் திறக்க மறுக்கின்றன என்பதை அறிய வேண்டுமானால் இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கொரு குறியீடு

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர்கள் முடிவு செய்து வைத்த அட்டவணைக்கே குறியீடு என்று பெயர். தொடக்கக் காலக் கணினிகளில் ஓர் எழுத்துக்கு 8 பிட் இடம்தான் ஒதுக்கப்பட்டது. 8 பிட்டில் 256 எண்கள் அடங்கும். அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. எஞ்சியவை 128 இடங்கள்.

தமிழிலோ 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் தனி. 128 இடத்தில் இவற்றை எப்படி அடக்குவது? எழுத்துகளை உடைத்துத் துண்டுகளாக்கினர். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், மெய் ஓரிடம் என வைத்துத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டினர். ‘கொ’ என்பது கணினிக்குள் கொம்பு, ‘க’, கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கிடக்கும்.

இதில் குறை ஒன்றுமில்லை. சிக்கல் எங்கே எழுந்தது என்றால், ஒவ்வொருவரும் தத்தம் அட்டவணையைத் தாமே வகுத்துக்கொண்டதில்தான். நம் மலேசியாவில் திரு. முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் தமிழாசிரியராகவும் பின்னர்த் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராகவும் பணியாற்றிய நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். ஈழத்தமிழரிடையே ‘பாமினி’ பரவியது. தமிழகத்திலும் பற்பல எழுத்துருக்கள் விற்பனைக்கு வந்தன.

ஒருவர் பாமினியில் எழுதியதை மற்றவர் மயிலையில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் தெரியும். மின்னஞ்சலுடன் எழுத்துருவையும் இணைத்து அனுப்ப வேண்டிய காலம் அது.

நம் வட்டாரம் இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிட வேண்டும். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் அடங்கிய இணையத்தளம் 1995 அக்டோபரில் தொடங்கப்பட்டபோது அதில் தமிழும் இடம்பெற்றது. இணையத்தில் முதன்முதலாக ஏறிய தமிழ்ப் பக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அதன் பின்னணியில் உழைத்தவர் நா. கோவிந்தசாமி என்னும் ஓர் ஆசிரியர்.

பொதுத் தரம் தேடிய ஆண்டுகள்

1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு நடைபெற்றது. ‘அனைவருக்கும் ஒரே குறியீடு’ என்ற கோரிக்கை அங்கே வலுப்பெற்றது. அதையொட்டி, மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவினரிடையே நீண்ட கலந்துரையாடல் நடந்தது. அதன் பயனாகப் பிறந்ததே ‘திஸ்கி’ என்னும் தரம். எந்த அரசும் நிதி தராமல், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு உருவாக்கிய தரம் அது. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டது.

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடியது. அங்கே ‘தமிழ்99’ விசைப்பலகையும், ‘டாப்’, ‘டாம்’ என்னும் இரு குறியீடுகளும் முன்மொழியப்பட்டன. தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்றது. ஆக, பொதுத் தரம் ஒன்று வேண்டும் எனத் தேடியவர்களுக்கு மூன்று கிடைத்தன!

2000 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில் ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூருக்கு வந்தது. இந்த மாநாடுகளிலெல்லாம் தவறாமல் எழுந்த கேள்வி ஒன்றே. பழைய 8 பிட் குறியீடுகளிலேயே இருப்பதா, ஒருங்குறிக்கு மாறுவதா?

ஒருங்குறி என்பது என்ன?

யூனிகோடு என்று ஆங்கிலத்திலும் ஒருங்குறி என்று தமிழிலும் வழங்கும் இத்தரம் உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணை என்ற நோக்கத்தில் பிறந்தது. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழும் அதிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்த இடத்தைத் தமிழர்கள் கேட்டு வாங்கவில்லை. இந்திய மொழிகளுக்காக இந்திய அரசு வகுத்திருந்த ‘இஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டின் 1988ஆம் ஆண்டு அமைப்பை ஒருங்குறி அப்படியே பின்பற்றியது. தேவநாகரியில் எந்த எழுத்துக்கு எந்த இடமோ, அதே வரிசையில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. வடமொழி வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் தமிழ்ப் பகுதியில் வெற்றிடங்களாக நின்றன.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் ‘லதா’ எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழ் வந்தது. அதன் பிறகுதான் வாதம் சூடு பிடித்தது. ஏட்டளவில் இருந்த ஒன்று மேசைக்கு வந்துவிட்டதல்லவா?

‘மாற வேண்டாம்’ என்றவர்கள் கூறியவை

அவர்கள் கூறிய காரணங்களை இன்று படித்தாலும் பெரும்பாலானவை சரியாகவே இருக்கின்றன.

1. இலக்கணத்துக்கு முரண். முதலாம் ஆண்டு மாணவனுக்கு நாம் ‘க்’ என்ற மெய்யும் ‘அ’ என்ற உயிரும் சேர்ந்தால் ‘க’ பிறக்கும் என்று கற்பிக்கிறோம். ஒருங்குறியிலோ ‘க’தான் அடிப்படை. அதனுடன் புள்ளியைச் சேர்த்தால்தான் ‘க்’ கிடைக்கும். தாய்க்கு முன் மகள் பிறந்தாற்போன்ற அமைப்பு இது.

2. வரிசை முரண். நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி மெய். ஒருங்குறி அட்டவணையில் அது ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, ‘ர’வை அடுத்து ‘ற’ நிற்கிறது. ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையில் ‘ஜ’ புகுந்துள்ளது. எண் வரிசைப்படி அடுக்கினால் அகரமுதலி தவறாகவே அமையும். சரியாக அடுக்கத் தனி நிரல் வேண்டும்.

3. இடம் மிகுதி. ‘அம்மா’ என்ற சொல்லைத் திஸ்கியில் எழுதினால் 4 பைட்டு போதும். ஒருங்குறியில் அது ஐந்து குறிகளாகும். இணையத்தில் வழங்கும் யூ.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு வீதம் 15 பைட்டு. 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டும், தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்து வரும் இணையமும் இருந்த காலத்தில் இது சிறு வேறுபாடன்று. குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம்; ஒருங்குறியில் 70 குறிகளே.

4. அச்சுத் தொழில். பள்ளி மலரானாலும் நாளிதழானாலும் அன்று பக்கம் வடிவமைக்கப் பெரிதும் பயன்பட்டது பேஜ்மேக்கர். அது இறுதிவரை ஒருங்குறியை அறியவில்லை. அச்சகத்தார் கேட்டது பழைய எழுத்துருவையே.

5. பழைய கணினிகள். விண்டோஸ் 98 இயங்கிய கணினிகளே பள்ளிகளில் மிகுதி. அவற்றில் ஒருங்குறித் தமிழை ஒழுங்காகப் பார்ப்பதே பெரும்பாடு.

6. பழைய கோப்புகள். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த எழுத்தை யார் மாற்றித் தருவார்?

‘மாறியே ஆக வேண்டும்’ என்றவர்கள் கூறியவை

1. ஒவ்வொரு கணினியிலும் எழுத்துருவை நிறுவ வேண்டிய தேவை ஒழியும். இயங்குதளமே தமிழை அறிந்திருக்கும்.

2. தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் மோதலின்றி நிற்கும். பல மொழி பேசும் நம் நாட்டுக்கு இது மிகவும் தேவை. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருந்ததால், எழுத்துருவை மாற்றினால் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும்.

3. தேடல். தேடுபொறிக்குத் திஸ்கியில் எழுதிய பக்கம் தமிழ் என்றே தெரியாது. தேடிக் கண்டெடுக்க முடியாத எழுத்து, இணையத்தில் இருந்தும் இல்லாததே.

4. மென்பொருள்கள் பிற மொழிகளுக்கென ஒதுக்கிய இடங்களில் தமிழ் ஒண்டிக்குடியிருந்ததால் எதிர்பாராத தொல்லைகள் வந்தன. திஸ்கியில் ‘இ’ எழுத்துக்குத் தரப்பட்ட இடம், பிற மென்பொருள்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அந்த ‘இ’யை விழுங்கிவிடும். பின்னர் வந்த திஸ்கிப் பதிப்பில் ‘இ’க்கு மாற்று இடம் தர வேண்டியதாயிற்று.

5. விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் உள்ள கட்டு அறும். எந்த விசைப்பலகையில் தட்டினாலும் சேமிக்கப்படுவது ஒரே எழுத்தாக இருக்கும்.

முதல் தரப்பார் எழுத்தின் அமைப்பைப் பற்றிப் பேசினர். இரண்டாம் தரப்பார் எழுத்து போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பற்றிப் பேசினர். ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்துவிட முடியாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

எங்கள் ஆசிரியர் அறையில்

இந்த வாதம் மாநாட்டு மேடைகளோடு நின்றுவிடவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது எங்கள் ஒப்படைப்புகள் அனைத்தும் பழைய எழுத்துருவிலேயே அமைந்தன. பணியில் சேர்ந்த பின்னரும் அவ்வாறே. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நாட்டில் தொடங்கியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் வந்தன. எங்களுக்குக் கிடைத்தவற்றில் விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்கியது. அதனுள் தமிழ் இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. வட்டார, மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் குறுந்தட்டைச் செருகினால்தான் அது விழிக்கும். பல பள்ளிகளில் அந்தக் குறுந்தட்டு எங்கிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது.

எங்கள் பள்ளியில் அப்போது மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். தேர்வுத்தாள் தட்டச்சுப் பணி முழுவதையும் ஏற்றிருந்தவர் அவர்தான். பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையில் விரலைப் பார்க்காமல் தட்டுவார். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பல்லாண்டு வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழிவந்த வரிசை அது. ஒருங்குறிக்கு மாறலாம் என்று இளைய ஆசிரியர்கள் நாங்கள் கூறியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, நாளை காலையில் ஆறாம் ஆண்டுக்குத் தேர்வு. இன்றிரவு என் விரலுக்கு யார் புதிதாகப் பாடம் நடத்துவது?”

எங்களிடம் விடை இல்லை. நாங்கள் தேடல், தரம், எதிர்காலம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். அவரோ மறுநாள் காலையைப் பற்றிப் பேசினார். அவருடைய அலமாரியில் யூ.பி.எஸ்.ஆர். மாதிரித் தாள்கள் மட்டுமே நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒவ்வோராண்டும் அவற்றைத் திருத்திப் புதுப்பித்துப் பயன்படுத்துவார். மாற்றம் என்றால் அவை அனைத்தையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும் என்று அவர் அஞ்சியதில் தவறில்லை. 2005, 2006 ஆகிய ஆண்டுகள் முழுவதும் எங்கள் பள்ளியில் இரண்டு முறைகளும் அருகருகே நடந்தன. தாள் ஒரு முறையில், இணையத்தில் ஏற்றுவது மற்றொரு முறையில்!

அவருக்கு விடை தந்தவை மாநாட்டுத் தீர்மானங்கள் அல்ல. சில இலவச மென்பொருள்கள். சுரதா யாழ்வாணன் இணையத்தில் வைத்த ‘பொங்குதமிழ்’ மாற்றியில் பழைய எழுத்துரு வரிகளை ஒட்டினால் அவை ஒருங்குறியாக வெளிவந்தன. ‘எ-கலப்பை’ இலவசமாகக் கிடைத்தது. 2008 வாக்கில் பரவிய என்.எச்.எம். எழுதியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பாமினி ஆகியவற்றுடன் பழைய தட்டச்சு வரிசையும் இருந்தது. அதை நிறுவிய நாளில் அந்த ஆசிரியை பத்து வரிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதை முதலிலேயே காட்டியிருந்தால் நான் ஏன் மறுக்கப் போகிறேன்?” என்றார். அவர் எதிர்த்தது ஒருங்குறியை அன்று. முப்பதாண்டுக் கைத்திறனைக் கைவிடுவதைத்தான். இரண்டும் வேறு வேறு என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெளிவாக விளங்கவில்லை.

வாதத்தை முடித்தது எது?

ஒரு தரப்பார் மற்றொரு தரப்பாரை வென்று இவ்வாதம் முடியவில்லை. மக்கள் எழுதத் தொடங்கிய இடங்கள் ஒருங்குறியை மட்டுமே ஏற்றன; அதனால் முடிந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அது முழுக்க முழுக்க ஒருங்குறி. அதே ஆண்டையொட்டித் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. சிலர் முதலில் திஸ்கியில் எழுதினர். பின்னர் வாசகர் வேண்டியும், திரட்டிகளில் இடம்பெற விரும்பியும் மாறினர். மதுரைத் திட்டமும் தன் நூல்களை ஒருங்குறியில் தரத் தொடங்கியது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் குறுந்தட்டு தேடாமலே தமிழ் விழித்திருந்தது.

முரசு அஞ்சல் வழி பழைய முறையில் எழுதப் பழக்கிய முத்து நெடுமாறனே, பின்னர் ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற ‘இணைமதி’ என்ற ஒருங்குறி எழுத்துருவையும், 2005 பொங்கலையொட்டி வெளிவந்த ‘செல்லினம்’ என்ற கைப்பேசிச் செயலியையும் உருவாக்கினார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பழைய முறையைக் கட்டியவர்களே புதிய முறைக்கும் பாலம் கட்டினர்.

எனினும் இலக்கணம் பற்றிய குறை மறக்கப்படவில்லை. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தரும் ‘டேஸ்16’ என்ற குறியீடு தமிழகத்தில் ஆராயப்பட்டது. 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், டேஸ்16ஐ ஒருங்குறி இயலாத இடங்களுக்குரிய மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. அமைப்பளவில் டேஸ்16 தமிழுக்கு இயைந்தது என்பதை ஒருங்குறி ஆதரவாளர்கள் பலரும் ஒப்புவர். ஆனால் அது ஒருங்குறி அட்டவணையில் தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியில் அமைந்தது. உலகின் பிற மென்பொருள்கள் அப்பகுதியில் உள்ளதைத் தமிழாக அறிந்துகொள்ளா. ஆகவே அது பொதுமக்களிடம் வேரூன்றவில்லை.

இன்று நெகிழ்வட்டு இல்லை; 15 பைட்டு யாருக்கும் சுமையில்லை. வரிசைப்படுத்தலுக்குத் தேவையான நிரல்கள் வந்துவிட்டன. ‘மாற வேண்டாம்’ என்றவர்கள் கூறிய குறைகளுள் சில காலத்தால் தீர்ந்தன. சில தீரவில்லை, மென்பொருளுக்குள் மறைந்துகொண்டன. ‘க்’ இன்னும் இரண்டு குறிகள்தாம். மாணவன் ஒருவன் ‘க்’ எழுத்தில் அழிப்பு விசையைத் தட்டும்போது புள்ளி மட்டும் அழிந்து ‘க’ எஞ்சுகிறதே, அது இந்தப் பழைய வாதத்தின் எச்சம்.

எழுத்துச் சீர்திருத்தமும் குறியீட்டு மாற்றமும்

‘தமிழில் மாற்றம் புதிதா? 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கவில்லையா? ணை, னை போன்றவற்றின் பழைய வடிவம் மறைந்தும் தமிழ் வாழவில்லையா?’ என்று சிலர் கேட்பதுண்டு. ஒப்பீடு பொருத்தமானதே, ஆனால் ஒரு வேறுபாடு உள்ளது. பழைய வடிவில் அச்சான நூலை நம் மாணவன் கையில் கொடுத்தால் முதலில் சற்றுத் தயங்குவான். இரண்டு பக்கம் கடந்தால் பழகிவிடுவான். மனிதக் கண் ஊகித்துக்கொள்ளும். கணினி ஊகிக்காது. அட்டவணை தொலைந்தால் எழுத்து இருந்தும் இல்லை. நூறாண்டுப் பழமையான நூல் படிக்கக் கிடைக்கிறது. 1999இல் தட்டச்சு செய்த பள்ளி மலர் படிக்கக் கிடைக்கவில்லை.

எத்தனை பள்ளிகளின் எவ்வளவு எழுத்து இவ்வாறு போயிற்று என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. ‘மாறுவோம்’ என்று முடிவெடுத்தவர்கள் மாறுவதற்கான உழைப்பை யார் செய்வது என்பதையும் சேர்த்து முடிவெடுத்திருக்க வேண்டும். அவ்வேலை தன்னார்வலர்கள் தோளிலும், ஆர்வமுள்ள ஓரிரு ஆசிரியர்கள் தோளிலும் விழுந்தது. அவர்கள் தொட்டவை பிழைத்தன. மற்றவை குறுந்தட்டிலேயே தங்கின.

இது முடிந்துபோன கதையும் அன்று. 2019இல் நம் பள்ளிகள் ஒரு கற்றல் தளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறின. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இல்லிருப்புக் கற்றலுக்காக மேலும் புதியன வந்தன. ஒவ்வொரு முறையும் ‘எது சிறந்தது’ என்று நெடுநேரம் பேசுகிறோம். ‘பழையதில் உள்ளவற்றை யார், எப்போது, எப்படி எடுத்து வைப்பது’ என்று மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

பழைய கோப்புகளை வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் பழைய படைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெற்றோர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. முதலில் குறுந்தட்டிலிருந்து கோப்புகளை நகலெடுங்கள். குறுந்தட்டு நெடுநாள் தாங்காது. திறக்க முடியவில்லை என்பதற்காக எதையும் அழிக்காதீர்கள்.

2. கோப்பைத் திறந்து, குப்பையாகத் தெரியும் வரியின் மீது சுட்டியை வைத்து, எழுத்துருப் பெட்டியில் காணும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே பூட்டுக்கான சாவி. எந்தக் குறியீட்டிலிருந்து மாற்ற வேண்டும் என்பதை அதுதான் கூறும்.

3. மாற்றி கொண்டு மாற்றியபின் ஒருவர் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். பழைய தட்டச்சில் ‘ஔ’ வடிவத்தை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்திருப்பர், காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பர். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு. இடையே வரும் மலாய், ஆங்கிலச் சொற்களையும் சரிபாருங்கள். பாமினிக் கோப்புகளில் அவையும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும்.

4. பி.டி.எப். மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது அச்சுக்கு உகந்தது. பழைய எழுத்துருவில் அமைந்த பி.டி.எப். கோப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் மீண்டும் குப்பையே வரும்.

5. மூலக் கோப்பு, மாற்றிய கோப்பு இரண்டையும் வையுங்கள். பெயரில் ஆண்டைக் குறியுங்கள்.

6. உயர்நிலை மாணவர்களை இப்பணியில் ஈடுபடுத்துங்கள். முன்னாள் மாணவர் ஒருவரின் கட்டுரையைத் திரையில் மீட்டெடுக்கும் பணி அவர்களுக்குச் சலிப்பூட்டாது.

எங்கள் பள்ளியில் அந்த மூத்த ஆசிரியையின் தாள்களை அவர் பணி ஓய்வு பெறுவதற்கு முன்பே மாற்றி முடித்தோம். எந்தத் தாளில் எந்த எழுத்துரு என்பது அவருக்கு நினைவில் இருந்ததால் அப்பணி எளிதாயிற்று. உங்கள் பள்ளியிலும் அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவர் ஓய்வு பெறுமுன் அவருடன் அமர்ந்து, எழுத்துருக்களின் பெயர்களையேனும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றுவதில் நீங்கள் கண்ட இடர்களையும் தீர்வுகளையும் எழுதுங்கள்; மற்ற பள்ளியினருக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்